டிராம்காரி சொன்னது

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடுகள் அசைகின்றன, மூச்சு படிந்து கண்ணாடி வெளுக்கிறது, வெளுத்த இடத்தைக் கையுறையால் துடைக்கிறாள், மறுபடி பேசுகிறாள், டிராம் நகரத் தொடங்கிவிட்டது, சக்கரச் சத்தம் இல்லை, மணிச் சத்தம் இல்லை, எதுவுமே இல்லை, இந்தப் பக்கம் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த நூற்றைம்பது பேரும் விசிறியை நிறுத்திவிட்டார்கள், என்ன சொல்றா மிசியே, என்ன சொல்றா என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது, அது சொல்தா அந்த்துவானின் குரல், அவர் செத்து இருபது வருடம் ஆகிறது, ஆனாலும் அந்தக் குரல் அதே வரிசையிலிருந்து அதே கேள்வியைக் கேட்கிறது, நானும் திரைக்குப் பக்கத்தில் அதே முக்காலியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நான்காவது வரிசையின் ஓரத்தில் அக்கா இருக்கிறாள், திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து போகிறது, அவள் திரையைத்தான் பார்க்கிறாள், என்னைப் பார்க்கவில்லை.

மாதம் இரண்டு ஞாயிறு, மாலை ஐந்தரை மணி, புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தின் கூடம், மரச் சன்னல்களைச் சாத்திவிட்டால் வெக்கையும் இருட்டும், அதுதான் எங்கள் சினே கிளப், படங்கள் பிரான்சிலிருந்து தகரப் பெட்டிகளில் வரும், கீழே எழுத்து எதுவும் ஓடாது, பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஊரில் அவர்களை சொல்தா என்பார்கள், சொல்தாக்களின் மனைவிமாருக்கு போன்ழூர் மெர்சி தாண்டி பிரெஞ்சு கிடையாது, சொல்தாக்களுக்கே நில், திரும்பு, சுடு தாண்டி அதிகம் கிடையாது, ஆகவே பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னைத் திரைக்கு இடது பக்கம் உட்காரவைத்து, திரையில் அவர்கள் பேசப் பேச நீங்கள் தமிழில் சொல்லுங்கள் என்றார்கள், எனக்கு அப்போது இருபத்திநாலு வயது, படத்தை நானும் எல்லோரோடும்தான் முதல் தடவை பார்க்கிறேன், அடுத்து என்ன வரும் என்று தெரியாது, ஆனாலும் தெரிந்தவன் மாதிரி பேசுவேன், வீட்டில் பேசுவது மாதிரி இல்லை, மைக்குக்கென்று ஒரு தமிழ் வைத்திருந்தேன், வருகிறீர்களா, அமருங்கள், என்னை மன்னியுங்கள், கணவன் மனைவியும் அப்படித்தான் பேசினார்கள், திருடனும் போலீஸும் அப்படித்தான் பேசினார்கள், பேச்சு இருக்கும்வரை சிக்கல் இல்லை, பேச்சு நின்றுவிட்டால்தான் சிக்கல், அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படங்களில் ஒருவன் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் நடப்பான், ஒரு சொல் வராது, அந்த்துவான் பொறுக்கமாட்டார், சொல்லு மிசியே, என்ன நெனச்சிக்கிட்டு நடக்குறான் என்பார், நான் ஏதாவது சொல்வேன், அவன் தன் தாயை நினைத்துக்கொள்கிறான், கூடத்துக்கு நிம்மதியாகிவிடும், வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா சிரிப்பாள், அவன் சும்மா நடக்குறான்டா, நடக்கவிடேன், அவன் அம்மாவை எதுக்கு இழுக்குற. அவள் நூலகத்துக்கு வரும் பத்திரிகைகளையெல்லாம் படிப்பவள், முன்பு பிரான்சில் கொட்டகைக்குள் அட்டையில் தெரு வரைந்து படம் எடுத்தார்கள் என்றும், இப்போது சில பையன்கள் காமிராவைத் தோளில் தூக்கிக்கொண்டு நிஜத் தெருவுக்கே வந்துவிட்டார்கள் என்றும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அக்கா, ஜனங்களுக்குப் புரியவேண்டாமா, காட்டுகிறவன் எதையோ சொல்லத்தானே காட்டுகிறான் என்பேன், அவள் நின்று, செருப்பில் ஏறிய மணலை உதறிவிட்டுச் சொல்வாள், சொல்லத் தெரிஞ்சிருந்தா அவன் ஏன்டா காட்டுறான், சொல்லிட்டுப் போயிருப்பானே.

அவள் பெயர் லெயோனி, என்னைவிட எட்டு வயது மூத்தவள், அம்மா போனபோது எனக்கு ஒன்பது, அதற்குப் பிறகு என் சட்டைக்குப் பொத்தான் தைத்ததும் சோறு போட்டதும் பிரெஞ்சு வினைச்சொற்களை ஒப்பிக்கவைத்ததும் அவள்தான், ஒரு நொத்தேர் அலுவலகத்தில், அதாவது பத்திரம் எழுதிப் பதியும் இடத்தில், தட்டச்சு செய்தாள், அந்த வருடம் அவளுக்கு மூச்சுவிட நேரம் இல்லை, பிரெஞ்சுக்காரர்கள் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது, ஆனால் காகிதத்தில் அவர்கள் அறுபத்திரண்டு ஆகஸ்டில்தான் போனார்கள், அன்றிலிருந்து ஆறு மாதம் கெடு, நான் பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறேன் என்று அதற்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் பிரெஞ்சுக்காரர், கொடுக்காதவர் இந்தியர், ஒரு வீட்டில் அண்ணன் போட்டான் தம்பி போடவில்லை, புருஷன் போட்டான் பெண்டாட்டி அழுதாள், தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் காகிதத்தைத் தட்டச்சு செய்தது அக்கா, ஏம்மா லெயோனி, போட்டா அங்க குளுரு, போடலன்னா இங்க வெயிலு, எது தேவலாம் நீயே சொல்லு என்று ஒரு கிழவி கேட்டாளாம், டைப் அடிக்கிறவளை ஏன் கேக்குறீங்க, கையெழுத்துப் போடப்போற கையைக் கேளுங்க என்றாளாம் இவள். அவளுடைய காகிதமும் தயாராக இருந்தது, தையல் மெஷினின் இழுப்பறையில், பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் அடித்து, கையெழுத்து மட்டும் பாக்கி, கான்வென்டில் கூடப் படித்த பெலிசித்தே பிரான்சில் லியோன் என்கிற ஊரிலிருந்து எழுதியிருந்தாள், இங்கே ஒரு அலுவலகத்தில் ஆள் தேடுகிறார்கள், வந்துவிடு, நீயும் போடுடா தம்பி, ரெண்டு பேரும் போயிடுவம் என்றாள் அக்கா, பார்க்கலாம் என்றேன், மறுபடி கேட்டபோதும் பார்க்கலாம் என்றேன், இங்கே நான் பிரெஞ்சு தெரிந்தவன், கூடத்துக்குள் நுழைந்தால் மிசியே என்று வழிவிடுகிறார்கள், அங்கே போனால் பால்காரனுக்கும் என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு தெரியும், இதை அவளிடம் எப்படிச் சொல்வது, நான் வராவிட்டால் நீ போவாயா என்றும் கேட்கவில்லை, அவளே ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், நீ வரலன்னாலும் நான் போவன்டா, ஒரு படத்த, ஒரே ஒரு படத்தயாவது, பக்கத்துல யாரும் குறுக்க பேசாம முழுசா பாத்துட்டுச் சாவணும், சொல்லிவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன், அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் வந்தது, அதன் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, டிராம்காரி படம் என்றுதான் பிற்பாடு சொன்னார்கள், வடக்கே ஏதோ பனிமூட்டமான ஊர், கையுறை தைக்கும் தொழிற்சாலை, அங்கே வேலை செய்யும் ஒரு பெண், வெளியூரிலிருந்து வந்த ஒருவன், இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடைசிவரை நீங்கள் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், பிரெஞ்சில் நீ வேறு நீங்கள் வேறு, நமக்கு இருப்பது மாதிரியே, நானும் மாற்றாமல் நீங்கள் நீங்கள் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன், அவனுக்குத் தலைநகரில் வேலை கிடைக்கிறது, பெட்டியோடு டிராம் நிற்கும் இடத்துக்கு வருகிறான், அவளும் வந்திருக்கிறாள், நான் இன்று கிளம்புகிறேன், என்னோடு வருகிறீர்களா என்கிறான், நான் அதைத் தமிழில் சொன்னேன், என் குரல் கூடத்தின் பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, அவள் பதில் சொல்லவில்லை, டிராம் வந்தது, அவள் மட்டும் ஏறினாள், அவன் பெட்டியோடு கீழேயே நின்றான், கதவு மூடியது, ஏறியபிறகுதான் திரும்பிச் சன்னல் கண்ணாடி வழியாக அவனிடம் பேசத் தொடங்கினாள், அந்த நொடியில் சத்தம் நின்றுபோனது, சவுண்டு, சவுண்டு என்று பின்னாலிருந்து கத்தினார்கள், ஒருவன் விசிலடித்தான், மெஷின் ஓட்டுகிறவர் சவுண்டுப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார், பெட்டியில் குறை இல்லை, படமெடுத்தவனே சத்தத்தைப் பிடுங்கிவிட்டிருந்தான், அது எங்களுக்கு எப்படித் தெரியும், வாய் ஆடுது, வார்த்தை எங்க மிசியே, ஒனக்குக் கேக்குதா, என்ன சொல்றா என்று அந்த்துவான் எழுந்தே நின்றுவிட்டார், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் பிள்ளை மாதிரி நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் கண்ணாடியைத் துடைக்கிறாள், பேசுகிறாள், நான் நான்காவது வரிசையைப் பார்த்தேன், அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு லேசாக முன்னால் சாய்ந்திருந்தாள், அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அவள் மட்டும் எங்கோ போய்விட்டவள் மாதிரி இருந்தாள், அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அது ஏற்கெனவே லியோனில் இருந்தது, மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன், போவாத என்றேன், என்ன விட்டுட்டுப் போவாத.

கூடம் அடங்கியது, டிராம் பனிக்குள் மறைந்தது, முடிந்தது என்று எழுத்து வந்தது, விளக்கைப் போட்டார்கள், அந்த்துவானின் மனைவி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நான் அப்பவே நெனச்சன், அவனப் போவ வுடமாட்டா அவ என்றார் அந்த்துவான், என் தோளில் தட்டிவிட்டுப் போனார், அக்கா தன் நாற்காலியை மடித்துச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள், கடற்கரையை ஒட்டி நடந்தோம், வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது, அவள் படத்தைப் பற்றிப் பேசவில்லை, இன்னிக்கு நல்லாப் பேசுன என்று மட்டும் சொன்னாள், நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி வந்தது, அன்று அவள் அலுவலகத்தின் வெளிக்கேட்டுவரை ஆட்கள் நின்றார்களாம், நாற்பது காகிதம் அடித்தேன் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், விரலில் கார்பன் கறுப்பு, எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், நாற்பதோடு நாற்பத்தொன்றாக உன்னுடையதும் உண்டா என்று கேட்க நாக்கு வரவில்லை, ரசம் வைக்கட்டுமா என்றாள். மறுநாள் காலையில் பையையும் ஒரு சீட்டையும் கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பினாள், சின்ன வெங்காயம், முருங்கைக்காய், புளி, மண்ணெண்ணெய், அவள் கையெழுத்து, வழியில் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், தட்டச்சு, கீழே கையெழுத்திட்டுள்ள நான், அவள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, கீழே கையெழுத்து இல்லை, மணிக்கூண்டுக்கு எதிரில் மீன்காரிகள் கூவிக்கொண்டிருந்தார்கள், நான் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன், எதையும் விடாமல் வாங்கினேன், வெட்கமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் சந்தோஷமாக இருந்தேன், வீட்டுக்கு வரும்வரை சந்தோஷமாக இருந்தேன்.

வருடங்கள் போயின, நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குத் தனிக்காரணம் எதுவும் இல்லை, பெலிசித்தேயின் கடிதம் முதலில் மாதம் ஒன்று, பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒன்று, பிறகு நின்றது, சினே கிளப்புக்குப் படங்கள் எழுத்தோடு வரத் தொடங்கின, முக்காலியை எடுத்துவிட்டார்கள், எண்பத்திநாலில் பிரெஞ்சு ஆசிரியர்களுக்கென்று ஒரு கோடைப் பயிற்சி, இரண்டு மாதம் பாரிஸ், அக்கா போகவேண்டிய நாட்டுக்கு நான் போனேன், அங்கே சினிமா வரலாறு சொன்ன ஒரு பேராசிரியர், பழைய ஊமைப்படங்கள் பலவற்றை உருக்கிச் செருப்புக் குதிகால் செய்தார்கள் என்றார், படம் பேசாத அந்தக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று நடப்பதை விளக்கிச் சொல்வான், அவனுக்குப் பொனிமாந்தேர் என்று பெயர், படம் வாய் திறந்ததும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார், நான் அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதினேன், எழுதியபிறகுதான் பார்த்தேன், அதன் பின்பாதியைத் தனியே எடுத்தால் பிரெஞ்சில் பொய்யன் என்று அர்த்தம், அந்த வாரமே, ஒரு சின்னத் தெருவில், எண்பது இருக்கை கொண்ட அரங்கின் வாசலில் டிராமின் படம் ஒட்டியிருந்தது, உள்ளே போய் உட்கார்ந்தேன், இருபத்தொரு வருடம் கழித்து அதே பனி, அதே கையுறை, என்னோடு வருகிறீர்களா, டிராம், கதவு, கண்ணாடி, சத்தம் நின்றது, யாரும் கத்தவில்லை, யாரும் விசிலடிக்கவில்லை, எண்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தார்கள், டிராம் எவ்வளவு நேரம் போகிறது என்று அன்றுதான் தெரிந்தது, அக்கா பார்க்க விரும்பியது இதைத்தான், அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், படம் முடிந்ததும் ஒரு கிழவியை மேடைக்கு அழைத்தார்கள், அந்தப் படம் எடுத்தபோது கூட இருந்து, எந்தக் காட்சியில் எந்தக் கையில் கையுறை இருந்தது என்று எழுதிவைத்தவள், ஒரு பையன் எழுந்து கேட்டான், மதாம், அவள் கண்ணாடிக்குப் பின்னால் என்ன சொல்கிறாள், கிழவி சிரித்தாள், எல்லா ஊரிலும் இதையே கேட்கிறார்கள், ஏதாவது பேசு என்று இயக்குநர் சொன்னார், என்ன பேசுவது என்று நடித்தவளுக்குத் தெரியவில்லை, அன்று சாயங்காலம் வாங்கவேண்டிய சாமான்களைச் சொன்னாள், பூண்டுத்தாள், வெண்ணெய், இரண்டு ரொட்டி, ஒரு தீப்பெட்டி, அரங்கம் சிரித்தது, கிழவி கையைத் தூக்கினாள், நானும் அப்போது இயக்குநரிடம் கேட்டேன், அவள் என்ன சொல்வதாக நீங்கள் நினைத்தீர்கள் என்று, அது எனக்குத் தெரிந்திருந்தால் கண்ணாடியைச் சாத்தியிருக்கமாட்டேன் என்றார். எனக்குச் செருப்பு மணலை உதறுகிற ஒரு கால் ஞாபகம் வந்தது, எழுந்து வெளியே வந்துவிட்டேன், மழை தூறிக்கொண்டிருந்தது, கண்ணாடிக்கதவு போட்ட காய்கறிக்கடை ஒன்றில் பூண்டுத்தாளைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள், அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், வாங்க வந்தவன் என்று நினைத்துக் கடைக்காரன் என்ன வேண்டும் மிசியே என்றான்.

ஊருக்குத் திரும்பி நான்கு நாள் சொல்லாமல் இருந்தேன், ஐந்தாம் நாள் அக்கா சமையலறையில் கால் நீட்டி உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறாள், ஐம்பத்திமூன்று வயது, முன்னந்தலை நரைத்துவிட்டது, டிராம்காரி படத்தை அங்க பாத்தேன் அக்கா என்றேன், ம் என்றாள், கிழவி சொன்னதைச் சொன்னேன், பூண்டுத்தாள், வெண்ணெய், ரொட்டி, தீப்பெட்டி, அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது, மீன் கையால் வாயைப் பொத்தமுடியாமல் தோளில் முகத்தைத் துடைத்தாள், கறிகாய்ச் சீட்டா, ஐயோ, பாவம்டா அந்த்துவான் பொண்டாட்டி, எப்படி அழுதா, நான் சிரிக்கவில்லை, அன்னிக்கு அவ போவாதன்னு சொல்லல அக்கா, நான்தான் சொன்னேன் என்றேன், அவள் அடுத்த மீனை எடுத்தாள், தெரியும் என்றாள், தெரியுமா, தெரியாம என்னடா, படம் பூரா அவனை நீங்க நீங்கன்னு கூப்பிட்டவ கடைசில மட்டும் நீன்னு சொல்லுவாளா, மைக்கப் புடிச்சா செந்தமிழத் தவுத்து ஒரு வார்த்த பேசமாட்ட நீ, போகாதீர்கள்னு சொல்லியிருந்தா நானும் நம்பியிருப்பன், போவாதன்ன, அந்தப் பனில, அந்த ஊர்ல, அவ நம்ம வீட்டுத் தமிழ் பேசுறா, காய்ச்சல் வந்தா நீ பேசுற தமிழு. குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது, அப்புறம் ஏன் கையெழுத்துப் போடல என்று கேட்டேன், அவள் கிள்ளிய தலையைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள், நேர்ல கேட்டிருந்தா போடா போக்கத்தவனேன்னு சொல்லிட்டு மறுநாளே போட்டிருப்பன், ஆறு மாசமா ஒரு வார்த்த கேக்காம மூஞ்சியத் தூக்கிவச்சிக்கிட்டுத் திரிஞ்ச, கடைசில நூத்தம்பது பேருக்கு முன்னாடி மைக்குல கேட்ட, அதுக்கு மேல எப்படிடா போறது. நான் தரையைப் பார்த்தேன், மன்னிச்சிடு என்பதை எந்தத் தமிழில் சொல்வது என்று தெரியவில்லை, அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள், பேசுனது போதும், இத அலசிக் கொண்டா. எழுந்து குழாயடிக்குப் போனேன், முதுகுக்குப் பின்னால் அவள் சொன்னது கேட்டது, எனக்கா, மீன் வாசனைக்கு வந்து நின்ற பூனைக்கா என்று தெரியாத குரலில், அந்தக் கடைசி நிமிஷத்த மட்டும் நீ கெடுத்திருக்கவேணாம், அது நல்ல படம்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை, கேபிளில் பிரெஞ்சு அலைவரிசை வந்தபோது ஒவ்வொரு மாலையும் அதற்கு முன்னால் உட்கார்ந்தாள், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் பார்த்தாள், டிவி ரிப்பேரா அக்கா என்று எதிர்வீட்டுக்காரி கேட்டுவிட்டுப் போனாள், நான் பக்கத்தில் உட்கார்வேன், ஒருவன் நடப்பான், ஒருத்தி கதவைத் திறப்பாள், என் வாய் தினவெடுக்கும், அவள் திரும்பாமலே விரலைத் தூக்குவாள், எழுபது தாண்டியதும் அவள் குரல் கம்மியது, முதலில் சளி என்றார்கள், பிறகு தொண்டையில் கட்டி என்றார்கள், குரல்வளையை எடுத்தால்தான் ஆள் தங்கும் என்றார்கள், எடுத்தார்கள், கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் சல்லாத்துணி, மூச்சு அந்த வழியாகப் போய்வருகிறது, வாய் வெறும் வாய், உதடு அசையும், சத்தம் வராது, என்ன சார் சொல்றாங்க என்று நர்ஸ் அமிர்தவல்லி கேட்டாள், அன்று மறுபடியும் என்னை முக்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள், தலையணை உயரமா இருக்காம் சிஸ்டர், சன்னலைத் திறக்கணுமாம், இந்தக் கஞ்சிய நீங்களே குடிச்சிப் பாருங்கன்னு சொல்றாங்க, நர்ஸ் சிரிப்பாள், தப்பாகச் சொன்னால் அக்கா என் மணிக்கட்டில் அடிப்பாள், ஒருமுறை, வலி ஒண்ணும் இல்லையாம் என்று சொல்லிவிட்டேன், அவள் என்னை முறைத்து ஒரு சொல்லை மெல்ல, தெளிவாக, உதட்டில் பிரித்துப் பிரித்துச் சொன்னாள், என்னவாம் என்றாள் நர்ஸ், பொய்யன்னு சொல்றாங்க சிஸ்டர் என்றேன்.

கட்டி திரும்ப வந்தது, இந்த முறை கத்திவைக்க இடம் இல்லை என்றுவிட்டார்கள், பிப்ரவரி மாதம், மாலை நான்கு மணி இருக்கும், நான் அவள் கட்டிலுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், சன்னல் திறந்திருக்கிறது, வெளியே தெருவில் ஏதோ வண்டி போகிறது, அதன் சத்தம் நன்றாகக் கேட்கிறது, உலகத்தில் எல்லாச் சத்தமும் இருக்கிறது, அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள், உதடுகள் அசைகின்றன, தலையணை இல்லை, தண்ணீர் இல்லை, இது நீளமாக இருக்கிறது, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்குகிறாள், எங்களுக்கு நடுவில் கண்ணாடி இல்லை, கையை நீட்டினால் அவள் வாயைத் தொட்டுவிடலாம், நர்ஸ் வெப்பமானியை உதறியபடி நின்றுவிட்டாள், என்ன சார், என்ன சொல்றாங்க என்கிறாள், எழுதிக் காட்டட்டும் என்று கட்டிலடியில் இருந்த சிலேட்டை எடுத்து அவள் கையில் வைக்கிறாள், அக்கா அதைப் புறங்கையால் தள்ளிவிடுகிறாள், என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை, அது ஒரு கேள்வியாக இருக்கலாம், திட்டாக இருக்கலாம், வெங்காயம் முருங்கைக்காய் புளி மண்ணெண்ணெயாகவும் இருக்கலாம், என் நாக்கில் ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துவிட்டது, அவள் என்னை மன்னித்துவிட்டதாக, வீட்டுத் தமிழில், இரண்டே சொல், அதைச் சொல்லிவிட்டால் நர்ஸுக்கு நிம்மதி, எனக்கு நிம்மதி, மீதி நாளெல்லாம் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம், சொல்லுங்க சார், எப்பவும் சொல்லுவீங்களே என்கிறாள் நர்ஸ், முன்வரிசையில் அந்த்துவான் எழுந்து நிற்கிறார், பின்னால் விசிலடிக்கிறார்கள், நான் தலையை ஆட்டினேன், தெரியவில்லை என்றுகூடச் சொல்லவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, லேசாக முன்னால் சாய்ந்து அவள் உதடுகளைப் பார்க்கிறேன், டிராம் மெல்லத்தான் போகிறது, அக்கா பேசுகிறாள், கடைசிவரை பேசுகிறாள், யாரும் குறுக்கே பேசவில்லை.